மாடு முட்டி போட்ட தரை

பதுளைப் பஜாரில் மயில்வாகனம் துணிக்கடை எங்கே என்று கேட்டால், "அந்தச் சிடுமூஞ்சி முதலாளி கடையா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. கோபம் வந்தால் கத்திவிடுவேன், அத்தோடு தீர்ந்தது. வெட்கத்தை அப்படிக் கத்தித் தீர்க்க முடிவதில்லை. எத்தனையோ நாள் முயன்றுவிட்டு, கடைசியில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருடம், ஐப்பசி மாதம். என் ஒரே மகள் சரஸ்வதிக்கு லுணுகலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் முருகையா வீட்டுச் சம்பந்தம் கூடிவந்தது. தை பிறந்ததும் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நிச்சயதார்த்தம் என்று பேச்சு. அந்த நடுக்கூடம்தான் என் தலைவலி. போட்டு எட்டு வருடமான சீமெந்துத் தரை அது. மேல் பூச்சு அப்பளம்போல உப்பி, மிதித்த இடமெல்லாம் நொறுங்கியது. நாலு பாயை விரித்து மூடிவைத்திருந்தோம். பாய்க்கு அடியில் கால் இடறி என் மனைவி வடிவம்மாவுக்கு இரண்டு தடவை நகம் பெயர்ந்தது.

"முப்பது பேர் வருவாங்க. மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க பாயைத் தூக்கிப் பாப்பாங்க. இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றாள்.

அந்தத் தரை கெட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டைக் கட்டியது ஜெர்மன்காரனோடு பெரிய சண்டை தொடங்கிய வருடம். அப்போது பஜாரில் சீமெந்துத் தரை போட்ட வீடு இரண்டோ மூன்றோதான். எனக்கும் அது வேண்டும் என்று பிடிவாதம். சீமெந்து பீப்பாய்கள் பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் இறங்கும். மேசன் வேலைக்கு மொஹிதீன் பாய். எங்கள் தெருவில் பாதிச் சுவர் அவர் கட்டியது. பேச்சு குறைவு, வேலை சுத்தம்.

கல்லும் மணலும் சீமெந்துமாக நாலு அங்குலக் கனத்துக்கு அடித்தரையைப் போட்டு, நன்றாகத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தார். அதற்குமேல் வழவழப்பான பூச்சு போட வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கடைசி வண்டி அச்சு முறிந்து ஹாலி-எலயில் நாலு நாள் கிடந்தது. ஐயர் பால் காய்ச்சக் குறித்த நாள் வைகாசி இருபத்தெட்டு. அதை விட்டால் ஆனி, ஆடி இரண்டு மாதமும் குடிபுகக் கூடாது. மஞ்சள் தடவிய பத்திரிகையை ஊர் முழுக்கக் கொடுத்தாயிற்று. பூச்சு முடிந்ததோ இருபத்தாறாம் தேதி மாலை.

பாய் பூச்சின்மேல் ஈரச் சாக்குகளை விரித்தார். வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டினார்.

"முதலாளி, பத்து நாளைக்கு இதுல கால் படக்கூடாது. சாக்கும் காயக்கூடாது. கச்சான் காத்து அடிக்குது, ஈரத்தை உறிஞ்சிரும்."

"நாளன்னிக்குப் பால் காச்சணுமே பாய்."

"அடுப்படித் தரை நல்லாக் காஞ்சிருக்கு. பின்வாசலால போய் அங்கன காச்சுங்க. கூடத்துக்கு மட்டும் வராதீங்க."

தலையாட்டினேன். ஆனால் புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் நுழைய வேண்டும். அதுவும் முன்வாசல் வழியாக வந்து நடுக்கூடத்தில் நிற்க வேண்டும். லட்சுமியைக் கொல்லைப்புறமாக அழைப்பதா என்று ஐயர் முகம் சுளித்தார். எனக்கும் மனம் ஒப்பவில்லை. இருபத்தெட்டாம் தேதி விடிந்ததும் கயிற்றை நானே அறுத்தேன், சாக்குகளை நானே சுருட்டினேன். மாட்டுக்காரர் பசுவை உள்ளே ஓட்டினார். இரண்டு அடி வைத்தது. மூன்றாவது அடியில் குளம்பு வழுக்கி, முன்னங்கால் இரண்டும் மடங்கி, முட்டி போட்டது.

மாட்டுக்காரர் கயிற்றைப் பிடித்து அதை எழுப்பினார். கடைசியில் ஐயர்தான், "கோமாதா நமஸ்காரம் பண்றா, விசேஷம்தான்" என்றார். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. அவருக்கும் மாட்டுக்காரருக்கும் ஆளுக்கொரு வேட்டி அதிகமாகக் கொடுத்து அனுப்பினேன். விருந்தினர் வருவதற்குள் தேங்காய்ச் சிரட்டையில் சீமெந்தைக் குழைத்து, குளம்புத் தடத்தையும் முட்டி பதிந்த குழிகளையும் என் கையாலேயே அடைத்தேன். அன்று முழுக்க நூறு பேர் அந்தப் பூச்சின்மேல் நடந்தார்கள்.

மறுநாள் மொஹிதீன் பாய் வந்து பார்த்தார்.

"சாக்கு எங்க முதலாளி?"

"காத்துல பறந்திருச்சு."

"மாடு உள்ள வந்துச்சா?"

"வாசலோட நிறுத்திட்டோம்."

அவர் குந்தி உட்கார்ந்து, நான் அடைத்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருட ஐப்பசி மழையில் பூச்சு வெடித்தது. கார்த்திகையில் செதில் செதிலாகக் கிளம்பியது. தெருப் பெண்கள் வடிவம்மாவிடம், "பால் காச்சின அன்னிக்கு ஏதும் தடங்கலா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். சரஸ்வதிக்கு அப்போது பத்து வயது. குடிபுகுந்த அன்றே மாடு முட்டி போட்ட வீடு என்று பெயர் விழுந்தால், நாளைக்கு எவன் பெண் கேட்டு வருவான்? எனக்குப் பயம் பிடித்தது. பக்கத்து அரிசிக்கடைப் பொன்னையா, "என்னண்ணே, புதுத் தரை இப்படி ஆயிருச்சு?" என்று கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மேசன் ஏமாத்திட்டான். சீமெந்தைத் திருடிட்டு மண்ணைப் போட்டுக் குழைச்சிருக்கான். அடியே கெட்டது. மேல என்ன பூசினாலும் நிக்காது."

முதல் தடவை சொன்னபோது நாக்கு தடுமாறியது. பத்தாவது தடவைக்குள் நானே நம்பத் தொடங்கிவிட்டேன். மொஹிதீன் பாயை ஒரு வருடத்துக்குள் பஜாரில் ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் கூலிகளின் லயத்து வீடுகளுக்குச் சாக்கடைக் கான் கட்டப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்பதும் பொய். விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர் போய்விட்டார் என்று உறுதியானதும் அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

சண்டைக்காலம் முழுக்க சீமெந்து கிடைக்கவில்லை, பிறகு விலை ஏறிவிட்டது என்ற சாக்கு இருந்தது. கோரைப்பாயால் மூடிக் காலம் தள்ளினோம். இப்போது சாக்கும் தீர்ந்துவிட்டது, நாளும் நெருங்கிவிட்டது.

பதுளைக்கு ரயில் பாதை போடும் வேலை அப்போது தெமோதரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. அங்கே கொங்கிரீட் வேலை செய்த ஸலீம் என்பவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தேன். ஊருக்குப் புதியவர், பழைய கதை எதுவும் தெரியாதவர். அதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் பாய்களைச் சுருட்டச் சொல்லி, சுத்தியலால் மூலைக்கு மூலை தட்டிப் பார்த்தார். மேல் பூச்சில் பொத்தென்று கேட்டது. பூச்சு உதிர்ந்த இடத்தில் தட்டினால் கணீரென்றது.

"இதை யார் போட்டது?" என்று கேட்டார்.

"ஏன்?"

"அடி அருமையா இருக்கு. ஒரு கீறல் இல்ல. மேல்தோல்தான் போயிருக்கு. ஈரம் ஊறதுக்கு முன்ன காய விட்டிருக்காங்க, மிதிச்சும் இருக்காங்க. தோலைக் கொத்தி எடுத்துட்டு, அடியைச் சொரசொரப்பாக்கி, நல்லா நனைச்சு, புதுப் பூச்சு போட்டா போதும். நாலஞ்சு நாள் வேலை."

வடிவம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

"முழுசா உடைச்சு எடுத்துட்டுப் புதுசாப் போட்டா?"

"எதுக்கு முதலாளி? அடி கெட்டிருந்தாத்தானே அது?"

எதற்கு என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? எட்டு வருடமாக அடியே கெட்டது என்று பஜார் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது மேலே மட்டும் பூசினால், அடி நன்றாகத்தானே இருக்கிறது, அப்போ அந்த மேசன் எதைத் திருடினான் என்று பொன்னையா கேட்பார். நல்ல தரையை உடைத்து வெளியே கொட்டினால் என் பேச்சு பிழைக்கும். பூசினால் என் பேச்சு போகும்.

"உடைச்சிடுங்க" என்றேன்.

ஸலீம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த மாதிரி ஒரு அடி அமையறதுக்கு அங்க நாங்க தவியாத் தவிக்கிறோம். இதை உடைக்க எனக்குக் கை வராது. வேற ஆளைப் பாருங்க." சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நானே உடைத்துக் காட்டுகிறேன் என்று கொல்லையிலிருந்து அலவாங்குக் கடப்பாரையைத் தூக்கிவந்தேன். ஓங்கிக் குத்தினேன். பொறி பறந்ததே தவிர தரை அசையவில்லை. அடியில் எங்காவது ஒரு பிடி மண்ணாவது இருக்கக்கூடாதா என்று தேடினேன். இருந்தால் நான் சொன்னதில் பாதியாவது உண்மையாகும். ஒரு மணி நேரம் குத்தியதில் உள்ளங்கையளவு ஒரு துண்டு பெயர்ந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். கல்லைக் கல் இறுக்கிப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், தூசுகூட வரவில்லை. என் கையில்தான் தோல் உரிந்திருந்தது.

"மண்ணு இருந்துச்சா?" என்றாள் வடிவம்மா.

எட்டு வருடத்தில் அவள் இந்த மண் கதையைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. மாடு முட்டி போட்டபோது அவளும் பக்கத்தில்தான் நின்றாள்.

"மொஹிதீன் பாயைப் போய்க் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா நிச்சயதார்த்தத்தைக் கோயில்ல வச்சுக்கலாம். இந்தத் தரையில என் பொண்ணை உக்கார வைக்க மாட்டேன்."

பசறை வரை வண்டியில் போய், அங்கிருந்து மடுல்சீமைக்கு நடந்தேன். பாதை என்று சொல்ல ஒன்றும் இல்லை, மழை வெட்டிய பள்ளம்தான். கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண், "மேசன் பாயா? ரெண்டாவது லயத்துக்குப் பின்னால இருக்காருங்க" என்று கை காட்டினாள். அவர் கானுக்குள் குந்தி, அழுக்குத் தண்ணீரை ஒரு பக்கம் அணைகட்டிவிட்டு, உடைந்த கல்லை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு மேலே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் மகள் நளீரா ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அதை வாங்கவும் வெட்கமாக இருந்தது, வாங்காமலிருக்கவும் வெட்கமாக இருந்தது.

"மேல்தோலைக் கொத்திட்டுப் பூசலாமா, இல்ல முழுசா உடைக்கணுமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன் பாய்" என்றேன். ஒன்பது மைல் நடந்துவந்து சொன்ன முதல் வார்த்தை அது.

"அது உங்களுக்கே தெரியுமே முதலாளி."

நான் குனிந்துகொண்டேன்.

"மாடு முட்டி போட்டது எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க அடைச்ச எடத்துல என் விரல் இறங்கிச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாய்."

"யாருகிட்ட? கடை முதலாளி ஒன்னு சொல்றாரு, கூலிக்கு வந்த மேசன் ஒன்னு சொல்றான். பஜாரு யார் பேச்சை எடுக்கும்?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். "என் பள்ளிவாசல் ஆளுகளே என்கிட்ட, எத்தனை பீப்பாய் வித்தேன்னு கேட்டாங்க."

எனக்குத் தெரிந்த மன்னிப்பு வார்த்தைகளையெல்லாம் சொன்னேன். அவர் தடுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. எல்லாம் சொல்லி முடிந்ததும், "வர்றேன். நான் போட்ட தரை, நானே சரி பண்றேன். ஆனா ஒன்னு. நான் அங்க வேலை செய்யும்போது, திருடனை ஏன் மறுபடி கூப்பிட்டீங்கன்னு யாராச்சும் கேப்பாங்க. நான் வாய் திறக்க மாட்டேன். நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார்.

"சொல்றேன் பாய்."

கார்த்திகைக் கடைசியில் வேலை தொடங்கியது. நான் பெயர்த்த குழியை அவர் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் கல்லை வைத்து அடைத்தார். முதல் நாள் பத்து மணிக்கே பொன்னையா வந்துவிட்டார். உளிச் சத்தம் பஜார் வரை கேட்கும்.

"என்னண்ணே, அந்த ஆளையேவா கூப்பிட்டிருக்கீங்க?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருக்க வேண்டும். உள்ளே சரஸ்வதி ஏதோ பாடிக்கொண்டே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

"எட்டு வருசம் ஆயிருச்சு. போகட்டும்னு விட்டுட்டேன்" என்றேன்.

சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்க என் புகழ்தான். திருடனுக்கே மறுபடி வேலை கொடுத்த மகராசன். கோயில் தர்மகர்த்தா என் தோளைத் தட்டி, சிடுமூஞ்சி என்று தப்பாக நினைத்துவிட்டோம் என்றார். வாசலில் வந்து நின்று நாலு பேர் அதையே சொன்னார்கள். ஏழு அடி தள்ளிக் கூடத்தில் குந்தியிருந்த மொஹிதீன் பாயின் காதில் அத்தனையும் விழுந்தது. அவர் ஒரு தடவையாவது நிமிர்ந்து முறைத்திருக்கலாம். கொத்துவதும் கூட்டுவதும் நனைப்பதுமாகத் தன் வேலையைச் செய்தார். மூன்று நாள் நான் அந்தப் புகழைத் தின்றேன். மறுப்பதற்கு வாய் வரவில்லை என்பதோடு, உள்ளுக்குள் அது இனிக்கவும் செய்தது. எழுதும்போது கை கூசுகிறது.

நாலாம் நாள் சாமான் வாங்கப் பதுளைக்கு வந்த முருகையா, பொன்னையாவோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பாய் கடைசி மூலையில் பூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று பொன்னையா கதை முழுவதையும் சொன்னார். திருட்டுப்போன சீமெந்து, கெட்டுப்போன அடி, என் பெரிய மனசு, ஒன்றையும் விடவில்லை.

"உங்களை மாதிரி மனசு யாருக்கு வரும் சம்பந்தி" என்றார் முருகையா. "இப்படி ஒரு வீட்டுல பொண்ணு எடுக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

பாயின் கரண்டி நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கை மட்டும் தரைக்குமேல் அப்படியே நின்றது. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வடிவம்மாவும் சரஸ்வதியும் நிற்பது தெரிந்தது. சொன்னால் சம்பந்தம் போகும். சொல்லாவிட்டால் அந்தக் கை இனி எப்படி வேலை செய்யும் என்று தோன்றியது.

"அவர் திருடல" என்றேன். "அடியும் கெடல. பால் காச்சின அன்னிக்கு ஈரப் பூச்சு மேல மாட்டை ஏத்தினேன். மாடு வழுக்கி முட்டி போட்டுச்சு. அது வெளிய தெரிஞ்சா பொண்ணுக்கு வரன் வராதுன்னு பயந்து பழியை அவர் மேல போட்டேன். அவர் பொழப்பே போச்சு. மூணு நாளா எனக்குப் பெரிய மனசுன்னு பேரு. அதுவும் பொய்தான்."

பொன்னையா தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். முருகையா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"மாடு வழுக்கறதெல்லாம் ஒரு விசயமா? எங்க வீட்டுக்கு வந்த மாடு படுத்துத் தூங்கியே போச்சு. நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்றார். அப்புறம் குரல் மாறியது. "ஆனா பொண்ணு கொடுக்கிற வீட்டுக்காரர் எட்டு வருசம் ஒருத்தரைத் திருடன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு. எனக்கு இப்ப அதுதான் யோசனையா இருக்கு."

எதற்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ, அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. செய்ததுதான் குறுக்கே வந்து நின்றது.

முருகையா தரையோரம் போய்க் குந்தினார். "பாய், நீங்க சொல்லுங்க. இந்த வீட்டுல பொண்ணு எடுக்கலாமா? நீங்க வேணாம்னா நான் இப்படியே லுணுகலைக்கு வண்டி புடிச்சிடறேன்."

நான் கெடுத்த மனிதரின் வாயிலேயே என் மகளின் வாழ்க்கையைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவர் அவசரப்படவில்லை. பூச்சு இறுகிவிடும் என்று மூலையை முதலில் முடித்தார். விளிம்பை வழித்தார். கரண்டியைத் தண்ணீரில் அலசி வைத்தார்.

"பொண்ணை நம்பி எடுங்க" என்றார். "இவரு பேச்சை மட்டும் நம்பாதீங்க."

முருகையா சிரித்தார். பொன்னையாவும் சிரித்துவிட்டார். உள்ளே சரஸ்வதி அழுவது கேட்டது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன்.

பத்து நாள் சாக்கு காயாமல் வடிவம்மா தண்ணீர் தெளித்தாள். தையில் நிச்சயதார்த்தமும் மாசியில் கல்யாணமும் நடந்தன. மொஹிதீன் பாய் அடுத்த வருடமே குடும்பத்தோடு பதுளைக்குத் திரும்பி வந்தார். இப்போது பஜாரில் தரை போட வேண்டுமென்றால் அவருக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

அவர் அன்று சொன்ன வார்த்தையைப் பொன்னையா ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். சாயம் போகாது என்று நான் ஒரு சொல் சொன்னால் முன்பெல்லாம் புடவையை அப்படியே மடித்து வாங்கிப் போவார்கள். இப்போது முந்தானை நுனியை நனைத்துக் கசக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். தண்ணீர்ச் செம்பை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.